காவலர் ஓய்வு: வயதை உயர்த்துவதா, பணிக்காலத்தைக் குறைப்பதா?

2020 மே 7 அன்று தமிழ்நாடு அரசு தன் ஊழியர்களின் ஓய்வு வயதை 58 இலிருந்து 59 ஆக உயர்த்தி ஆணையிட்டது. அந்த மாதத்தின் கடைசி நாளில் சீருடையைக் கழற்றி வைக்கவிருந்த சிறப்பு உதவி ஆய்வாளர்களுக்கு, ஊரடங்குக் காலத்துச் சோதனைச் சாவடிகளில் பணியாற்றிக்கொண்டிருந்தபோதே, இன்னும் ஓராண்டு இருக்கிறது என்று தெரியவந்தது. அந்த ஓராண்டு முடிவதற்குள், 2021 பிப்ரவரி 25 அன்று சட்டமன்றத்தில் 110 ஆவது விதியின்கீழ் வந்த அறிவிப்பு வயதை 60 ஆக்கியது. ஆக, 2020 மே மாதத்திலிருந்து 2022 மே மாதம் வரை, விருப்ப ஓய்வு பெற்றவர்கள், பணியில் இறந்தவர்கள் ஆகியோரைத் தவிர, மாநிலக் காவல் பணியிலிருந்து வயது முதிர்வால் வெளியேறியவர் ஏறத்தாழ எவருமில்லை. நோய்த்தொற்றுக் காலத்தின் நிதி நெருக்கடியில் பணிக்கொடை, ஈட்டிய விடுப்புக்கான பணம், ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாகத் தரும் ஓய்வூதியத் தொகுப்பு ஆகியவற்றை ஒரே நேரத்தில் வழங்கும் சுமையைத் தள்ளிப்போட இது உதவியது. ஆனால் காவல் துறைக்கு எத்தகைய ஆட்கள் வருவார்கள், வந்தவர்கள் எவ்வளவு காலம் நிலைப்பார்கள் என்ற கேள்வியோடு சேர்த்துப் பார்க்கும்போது அந்த முடிவின் மறுபக்கமும் தெரிகிறது.

ஓய்வு விதி என்றதும் நாம் ஒரே ஓர் எண்ணைத்தான் நினைக்கிறோம். ஆந்திரப் பிரதேசத்தில் அரசு ஊழியருக்கு 62, தெலங்கானாவில் 61, கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் 60, கேரளத்தில் 2013 ஏப்ரலுக்கு முன் பணியில் சேர்ந்தவர்களுக்கு 56. எல்லையைக் கடந்தால் எண் மாறிவிடுகிறது. ஒரே வயதுடைய இரண்டு காவலர்கள் வாளையாறு சோதனைச் சாவடியின் இருபுறமும் நின்றால், ஒருவர் 56 இல் வீட்டுக்குப் போய்விடுவார். மற்றவருக்கு இன்னும் நான்கு ஆண்டு பணி இருக்கும். வேலையின் இயல்பு இருபுறமும் ஒன்றுதான் என்பதால், இந்த வேறுபாடு காவலர் உடலைப் பார்த்தோ காவல் பணியைப் பார்த்தோ வந்ததன்று என்பது விளங்கும். அந்தந்த மாநிலத்தின் நிதிநிலையும் வேலை தேடும் இளைஞர்களின் அழுத்தமும் தீர்மானித்த எண்கள் இவை. 2022 அக்டோபர் இறுதியில் கேரள அரசு தன் பொதுத்துறை நிறுவனங்களில் ஓய்வு வயதை 60 ஆக உயர்த்தியது. இளைஞர் அமைப்புகள் எதிர்க்கவே, சில நாள்களிலேயே அந்த ஆணையை நிறுத்தி வைத்தது.

எனவே, வயதைக் கூட்டுவது, குறுகிய பணிக்காலத்தோடு ஓய்வூதியம் தந்து அனுப்புவது, ஓய்வுக்குத் தகுதி பெற்றவரைத் தூண்டுதல் கொடுத்து நிறுத்தி வைப்பது, வரம்பை அப்படியே வைத்துவிட்டு இடையில் ஒரு கதவைத் திறப்பது என்ற நான்கு வழிகளையும் தமிழ்நாட்டுக் காவல் துறையின் தொடக்கப் படியான இரண்டாம் நிலைக் காவலரின் வாழ்க்கையோடு பொருத்திப் பார்ப்பதே பயனுள்ளது என்று நினைக்கிறேன். காவலர் குடியிருப்பில் வளர்ந்த எனக்கு இது வெறும் நிர்வாகக் கேள்வியாகத் தோன்றியதில்லை.

முதலில் அந்த வாழ்க்கையின் அமைப்பு. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும் என்றாலும், பட்டதாரிகளும் பொறியியல் படித்தவர்களும் திரளாக எழுதுகிறார்கள். எழுத்துத் தேர்வில் தேறிய ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். கயிறு ஏற வேண்டும். மார்பளவு, உயரம் எல்லாம் பார்க்கப்படும். தேறியவர் சில ஆண்டுகள் ஆயுதப்படையிலோ சிறப்புக் காவல் படையின் பட்டாலியனிலோ இருந்துவிட்டு, பிறகு காவல் நிலையத்துக்கு வருகிறார். நெடுங்காலம் நடப்பில் இருந்த விதிப்படி, 10 ஆண்டுகளில் முதல் நிலைக் காவலர், அதன்பின் 5 ஆண்டுகளில் தலைமைக் காவலர், மேலும் 10 ஆண்டுகளில் சிறப்பு உதவி ஆய்வாளர் என்று அவர் தரம் உயர்த்தப்பட்டு வந்தார். அந்த விதியில் 22 வயதில் சேர்ந்தவர் 47 வயதில் சிறப்பு உதவி ஆய்வாளர் ஆவார். அதற்கு மேல் பெரும்பாலோருக்கு ஏணியில் படி இல்லை. ஓய்வு வயது 58 ஆக இருந்தபோது அவர் அதே நிலையில் 11 ஆண்டு இருந்தார். 60 ஆனபின் அது 13 ஆண்டானது.

இந்த அமைப்பில் உள்ள ஒரு நுட்பம் பலரின் கவனத்துக்கு வருவதில்லை. இந்த உயர்வுகள் மேலே காலியிடம் இருந்தால்தான் கிடைப்பவை அல்ல. பணிக்காலம் முடிந்தால் கிடைப்பவை. அவர் வகிக்கும் பணியிடமே அவருக்காகத் தரம் உயர்த்தப்படுகிறது. அவர் ஓய்வு பெறும்போது அது மீண்டும் இரண்டாம் நிலைக் காவலர் இடமாகிறது. ஆகவே மூத்த சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர் இரண்டாண்டு கூடுதலாக இருப்பதால் தலைமைக் காவலரின் உயர்வு தடைபடுவதில்லை. ஆனால் எங்கோ ஒரு கிராமத்தில் விடியற்காலையில் ஓடிப் பயிற்சி செய்துகொண்டிருக்கும் இளைஞனின் இடம் இரண்டாண்டு தள்ளிப்போகிறது. உதவி ஆய்வாளர், ஆய்வாளர், துணைக் கண்காணிப்பாளர் நிலைகளில் கதை வேறு. அங்கே மேலே இடம் காலியானால்தான் கீழே இருப்பவர் ஏற முடியும் என்பதால், ஓய்வு வயது உயரும் ஒவ்வொரு முறையும் பதவி உயர்வுப் பட்டியல் அப்படியே உறைந்து நிற்கும்.

வயதைக் கூட்டும் வழி

வயதைக் கூட்டுவதன் விளைவை ஓர் எளிய கணக்கில் காட்டலாம். 3,600 பேர் கொண்ட ஒரு படையில் எல்லாரும் 22 வயதில் சேர்ந்து 58 இல் ஓய்வு பெறுவதாக வைத்துக்கொள்வோம். பணிக்காலம் 36 ஆண்டு. ஆண்டுக்கு 100 பேர் வெளியேறுவார்கள், 100 பேர் சேர்வார்கள். வயது 60 ஆனதும் இரண்டாண்டுக்கு எவரும் வெளியேறுவதில்லை. 200 இளைஞர்களின் இடம் உருவாகாமலே போகிறது. பிறகு வெளியேற்றம் பழைய நிலைக்குத் திரும்பினாலும், பணிக்காலம் 38 ஆண்டாகிவிட்டதால், நெடுநோக்கில் ஆண்டுச் சேர்க்கை ஏறத்தாழ 95 ஆகக் குறைகிறது. 62 ஆக்கினால் 90. படையின் எண்ணிக்கை மாறவில்லை; ஆனால் அதன் சராசரி வயது ஏறிவிட்டது, நுழைவாயில் சுருங்கிவிட்டது.

தமிழ்நாட்டில் அந்த இரண்டாண்டுகளில் ஆள்சேர்ப்பு நின்றுவிடவில்லை. முன்பே தேங்கிக்கிடந்த காலியிடங்களுக்கு 2020 இலும் 2022 இலும் தேர்வு அறிவிப்புகள் வந்தன. 2020 அறிவிப்பில் பொதுப்பிரிவினருக்கு 24 ஆக இருந்த உச்ச வயது 2022 அறிவிப்பில் 26 ஆக உயர்ந்திருந்தது என்பதும் ஒரு நிவாரணமே. ஆயினும் காவலர் தேர்வுக்கு உள்ள வயது வரம்பு மிகக் குறுகியது. ஆசிரியர் பணிக்கோ எழுத்தர் பணிக்கோ காத்திருக்கும் இளைஞனுக்கு முப்பதைத் தாண்டியும் வாய்ப்பு இருக்கும். காவலர் பணிக்குக் காத்திருப்பவனுக்கு ஓரிரு தேர்வுகள் தவறினால் வாசல் நிரந்தரமாக மூடிவிடும். ஆகையால் மற்ற துறைகளைவிடக் காவல் துறையில் ஓய்வு வயது உயர்வின் வலி கூர்மையானது; அதை அனுபவிப்பவர் துறைக்கு வெளியே இருப்பதால் எந்தக் கோப்பிலும் அது பதிவாவதில்லை.

வயது உயர்வுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் முதன்மையான வாதம் அனுபவம். அதை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். ஒரு காவல் நிலையத்தின் எழுத்துப் பணிகளைப் பார்க்கும் ரைட்டர், முதல் தகவல் அறிக்கையை எப்படி எழுதினால் நீதிமன்றத்தில் நிற்கும் என்று அறிந்தவர். கோர்ட் டியூட்டி பார்க்கும் தலைமைக் காவலர், எந்த வழக்கில் எந்தச் சாட்சி எங்கே குடிபெயர்ந்திருக்கிறார் என்பதை நினைவில் வைத்திருப்பவர். ஊரில் இரு தெருக்களுக்கு இடையே உள்ள பழம்பகையின் வேர் தெரிந்த சிறப்பு உதவி ஆய்வாளர், கலவரத்தைத் தொடங்குமுன்பே தணித்துவிடுபவர். இவர்கள் 58 இல் போவதைவிட 60 இல் போவது நிலையத்துக்கு நல்லது. ஆனால் இந்த அறிவு தேவைப்படும் நாற்காலிகள் ஒரு நிலையத்தில் மூன்றோ நான்கோதான். மற்றவர்கள் இரவு ரோந்துக்கும், பாரா நிற்பதற்கும், தலைவர்கள் வரும் சாலையோரத்தில் வெயிலில் மணிக்கணக்கில் நிற்கும் பந்தோபஸ்துக்கும், திருவிழாக் கூட்டத்தைக் கயிறு பிடித்துத் தடுப்பதற்கும் அனுப்பப்படுகிறார்கள். சேரும்போது 7 நிமிட ஓட்டத்தைக் கேட்ட துறை, 57 வயதில் முழங்கால் தேய்ந்தவரிடம் அதே பணியைக் கேட்கிறது. அவரால் முடியுமா என்று சோதிக்கும் வழக்கமும் இல்லை, முடியாதவருக்குத் தனி வேலை வகுக்கும் விதியும் இல்லை. வாராந்திர விடுப்பு வழங்க வேண்டும் என்ற ஆணையே 2021 இல்தான் வந்தது. பல நிலையங்களில் அது ஆள் பற்றாக்குறையைப் பொறுத்தே நடைமுறைக்கு வருகிறது. அப்படிப்பட்ட முப்பதாண்டுகளின் களைப்போடு வரும் உடலுக்கு இன்னும் இரண்டாண்டு சேர்ப்பதை அனுபவத்தைப் பேணுதல் என்ற ஒரே சொல்லால் நியாயப்படுத்திவிட முடியாது.

மத்திய ஆயுதக் காவல் படைகளில் இதே கேள்வி நீதிமன்றத்துக்குப் போனது. எல்லைப் பாதுகாப்புப் படை, மத்திய ரிசர்வ் காவல் படை, இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை, சசஸ்திர சீமா பல் ஆகியவற்றில் கமாண்டன்ட் நிலைவரை 57, அதற்கு மேல் 60 என்று இருந்தது. ஒரே படையில் இரண்டு வயது வைப்பது பாகுபாடு என்று 2019 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் கூறியது. அந்த ஆண்டு ஆகஸ்டில் உள்துறை அமைச்சகம் அனைவருக்கும் 60 என்று ஆணையிட்டது. சமத்துவம் என்ற அளவில் தீர்ப்பு சரியானது. ஆனால் எல்லைச் சாவடியில் நிற்கும் ஜவானையும் தலைமையகத்து அதிகாரியையும் ஒரே வயதில் நிறுத்துவது, இருவரின் பணியையும் ஒன்றாக்கிவிடுவதில்லை.

குறுகிய பணிக்காலம்

எதிர்த்திசையில் மிகத் தெளிவாகச் சென்றிருப்பது அமெரிக்கா. அங்கே கூட்டாட்சி அரசின் சட்ட அமலாக்க அதிகாரிகள் பொதுவாக 37 வயதை அடைவதற்குள் சேர வேண்டும். 20 ஆண்டு பணி முடித்தவர் 57 வயதில் கட்டாயம் விலக வேண்டும். 20 ஆண்டு பணியோடு 50 வயதிலோ, 25 ஆண்டு பணியோடு எந்த வயதிலோ ஓய்வூதியத்துடன் போகலாம். அவர்களின் ஓய்வூதியம் முதல் 20 ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 1.7 விழுக்காடு என்றும் அதற்குப் பிறகு 1 விழுக்காடு என்றும் கணக்கிடப்படுகிறது. இருபது ஆண்டு வரை இறுக்கிப் பிடித்து, பிறகு பிடியைத் தளர்த்தும் கணக்கு இது. நியூயார்க் மாநகரக் காவல் துறையில் 2009 ஜூலைக்கு முன் சேர்ந்தவர்கள் 20 ஆண்டு முடித்ததும் பாதிச் சம்பளத்தை ஓய்வூதியமாகப் பெற்றுப் போகலாம். 22 வயதில் சேர்ந்தவர் 42 இல் ஓய்வூதியர்.

ஆள்சேர்ப்பைப் பொறுத்தவரை இதைவிட வலுவான அழைப்பு இருக்க முடியாது. நாற்பத்திரண்டில் இன்னொரு தொழிலைத் தொடங்கலாம் என்ற உறுதி, ஆபத்தான வேலைக்கு ஓர் இளைஞனை இழுக்கும். ஆனால் நிலைத்திருப்பில் அது ஒரு பள்ளத்தை உண்டாக்குகிறது. பத்தொன்பதாம் ஆண்டுவரை எவரும் போகமாட்டார்கள். இருபதாம் ஆண்டின் மறுநாள் கூட்டமாகப் போவார்கள். ஓர் ஆண்டில் பெருமளவில் சேர்த்த அணி, இருபது ஆண்டு கழித்து பெருமளவிலேயே வெளியேறும். 2020 இல் காவல் துறைக்கு எதிராக நிகழ்ந்த போராட்டங்களுக்குப் பின் நியூயார்க்கில் ஓய்வு விண்ணப்பங்கள் குவிந்தபோது, மனம் கசந்தவர்கள் எளிதாகப் போக முடிந்ததற்கு இந்த விதியே காரணம். 2009 க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு அங்கே பணிக்காலம் 22 ஆண்டாக நீட்டப்பட்டது. ஒரே ரோந்து வண்டியில் அமரும் இருவருக்கு வெவ்வேறு ஓய்வு விதி என்ற மனத்தாங்கலும் கூடவே வந்தது.

அந்த மனத்தாங்கலை நாம் அமெரிக்காவில் தேட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 க்கு முன் சேர்ந்த காவலருக்குப் பழைய ஓய்வூதியம். 30 ஆண்டுத் தகுதிப் பணிக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதி, அகவிலைப்படி, இறந்தபின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம். அந்த நாளிலோ அதற்குப் பிறகோ சேர்ந்தவருக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம். அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் 10 விழுக்காடு பிடிக்கப்படும், அரசும் அதே அளவு போடும், முடிவில் ஒரு தொகை கைக்கு வரும், மாதந்தோறும் இவ்வளவு என்ற உறுதி இல்லை. பழைய திட்டத்தில் 20 ஆண்டு முடித்து விருப்ப ஓய்வு பெற்றாலும் பணிக்காலத்துக்கு ஏற்ப மாத ஓய்வூதியம் உண்டு. ஆகவே ஒருவர் போவதா இருப்பதா என்று கணக்குப் போட்டுப் பார்க்க முடிந்தது. 2003 க்குப் பின் சேர்ந்தவர்களோ 20 ஆண்டுப் பணியை இப்போதுதான் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். நாற்பதுகளின் நடுவில், பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும் காலத்தில், மாத வருவாய் இல்லாத ஓய்வை எவர் விரும்புவார்? இவர்கள் பணியில் நிலைத்திருப்பதைப் பணிப்பற்று என்று படித்தால் தவறு. வேறு வழியின்மையும் நிலைத்திருப்பைப் போலவே புள்ளிவிவரத்தில் தெரியும்.

ஆள்சேர்ப்பின் பக்கம் இதன் விளைவு வேறு விதமாக வெளிப்படுகிறது. பழைய ஓய்வூதியம் இருந்த நாளில் காவலர் வேலைக்கும் தனியார் வேலைக்கும் இடையே ஒருவர் ஊசலாடினால், அந்த ஓய்வூதியமே சீருடையின் பக்கம் இழுத்தது. எல்லா அரசுப் பணிக்கும் ஒரே பங்களிப்புத் திட்டம் என்றான பிறகு, இரவுப் பணி இல்லாத, ஞாயிறு விடுமுறை உள்ள எழுத்தர் வேலையே மேல் என்று பட்டதாரிக் காவலர் நினைப்பதில் குற்றமில்லை. முதல் சில ஆண்டுகளில் பட்டாலியனில் இருந்துகொண்டே அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதித் தேர்வுகளுக்குப் படித்து வெளியேறுபவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள். பயிற்சிக்குச் செலவிட்ட அரசு, பயிற்சி பெற்றவரை இழக்கிறது.

2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம், 25 ஆண்டு பணிக்குக் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதியை உறுதி செய்கிறது. 2026 ஜனவரியில் தமிழ்நாடு அரசும் கடைசிச் சம்பளத்தில் பாதியை உறுதியளிக்கும் ஒரு திட்டத்தை, ஊழியரின் 10 விழுக்காட்டுப் பங்களிப்பைத் தொடர்ந்தபடியே, அறிவித்தது. இவை ஓய்வு வயது வரை இருப்பவருக்குப் பெரிய ஆறுதல். காவலருக்கு முக்கியமான நுணுக்கம் மத்தியத் திட்டத்தில் ஒளிந்திருக்கிறது: இடையில் விருப்ப ஓய்வு பெற்றவருக்கு உறுதியளித்த தொகை, அவர் இயல்பாக ஓய்வு பெற்றிருக்கக்கூடிய நாளிலிருந்துதான் கிடைக்கத் தொடங்கும். 48 வயதில் இடுப்பு வலியோடு போகும் காவலர் 60 வரை 12 ஆண்டு கையிருப்பில் வாழ வேண்டும். அலுவலக ஊழியருக்கு இந்த விதி பொருந்தலாம். உடலையே கருவியாகக் கொண்ட பணிக்கு இது, கதவைத் திறந்துவிட்டு வாசலில் பள்ளம் வெட்டி வைப்பதற்கு ஒப்பாகும்.

தகுதி பெற்றவரைத் தூண்டி நிறுத்துதல்

அமெரிக்க நகரங்கள் சில, இருபதாண்டுப் பள்ளத்தை நிரப்ப ஒரு வழியைக் கண்டன. ஓய்வுக்குத் தகுதி பெற்ற காவலர் போகாமல் சில ஆண்டுகள் தொடர்ந்தால், சம்பளமும் வாங்கலாம். அவருக்குச் சேர வேண்டிய ஓய்வூதியம் தனிக் கணக்கில் வட்டியோடு ஏறிக்கொண்டிருக்கும். போகும்போது மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம். லாஸ் ஏஞ்சலிஸ் 2001 இல் வாக்காளர் ஒப்புதலோடு இதைக் கொண்டுவந்தது. அனுபவசாலிகளை நிறுத்தி வைக்க வந்த இந்தத் திட்டத்தில் சேர்ந்த பிறகு காயம் காரணமாக நீண்ட விடுப்பில் போனவர்கள் பலர் என்பது 2018 இல் வெளிப்பட்டது. டல்லஸில் நடந்தது அதைவிடப் பெரிது. காவல் - தீயணைப்பு ஓய்வூதிய நிதியம் இந்தக் கணக்குகளுக்கு உயர்ந்த வட்டியை உறுதியளித்தது; முதலீடுகள் சரிந்தன; 2016 இல் நிதியம் தாங்காது என்ற அச்சம் பரவியதும் உறுப்பினர்கள் சில மாதங்களில் 50 கோடி டாலர் அளவுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் பணம் எடுப்பது நிறுத்தப்பட்டது; மறு ஆண்டு டெக்சாஸ் சட்டமன்றம் தலையிட்டு விதிகளை மாற்ற வேண்டியதாயிற்று. நிறுத்தி வைப்பதற்காக வகுத்த திட்டமே வெளியேற்றத்தை விரைவுபடுத்தியது. சந்தை விளைச்சலைப் பொருட்படுத்தாமல் வட்டியை உறுதியளிக்கும் எந்த ஏற்பாட்டையும் நம் மாநிலம் தொடக்கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை.

இங்கிலாந்து இதற்கு நேர்மாறான தவற்றைச் செய்தது. அங்கே காவல் அதிகாரிகளை ஆட்குறைப்புச் செய்ய முடியாது. 30 ஆண்டு பணி முடித்து மூன்றில் இரு பங்கு ஓய்வூதியத்துக்குத் தகுதி பெற்றவர்களை மட்டும், துறையின் திறன் கருதி விலகச் சொல்ல ஒரு விதி இடம் தந்தது. 2010 க்குப் பின் செலவைக் குறைக்க வேண்டி வந்தபோது சில காவல் படைகள் அந்த விதியைப் பயன்படுத்தின. வழக்கு பல ஆண்டு நடந்து, 2017 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது சட்டப்படி செல்லும் என்றது. ஆனால் 2019 இல் அதே நாடு, குறைந்துபோன காவலர் எண்ணிக்கையை ஈடுகட்ட மூன்றரை ஆண்டுக்குள் 20,000 பேரைப் புதிதாகச் சேர்க்க முடிவெடுத்தது. பயிற்றுவிக்கும் மூத்தோர் போய்விட்ட நிலையங்களில் புதியவர்கள் நிறைந்தார்கள். 2015 இல் ஓய்வூதியத் திட்டத்தை மாற்றியபோது மூத்தவர்களுக்கு மட்டும் பழைய திட்டத்தைத் தொடர அனுமதித்தது வயதுப் பாகுபாடு என்று 2018 டிசம்பரில் தீர்ப்பு வந்து, அதைச் சரிசெய்யும் வேலையும் ஆண்டுக்கணக்கில் நீண்டது.

நான் தேர்ந்தெடுக்கும் வழி

மேலே சொன்னவற்றையெல்லாம் நிறுத்துப் பார்க்கையில், தமிழ்நாட்டுக்கு 62 வேண்டாம் என்பது முதல் முடிவு. அது நிதித்துறைக்கு இரண்டாண்டு மூச்சு தரும். துறைக்கு முதுமையையும் இளைஞனுக்குப் பூட்டிய கதவையும் தரும். பழையபடி 58 க்குத் திரும்புவதையும் நான் பரிந்துரைக்கவில்லை. ஓரிரு ஆண்டில் திரளாக ஓய்வு நிகழ்ந்து, ரைட்டர் நாற்காலியில் அமர ஆள் இல்லாத நிலை வரும். ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கடனும் கல்யாணமும் 60 என்ற எண்ணை நம்பி வகுக்கப்பட்டுவிட்டன. இருபதாண்டிலேயே முழு ஓய்வூதியம் என்ற நியூயார்க் வழியோ, ஓய்வூதியம் வாங்கும் காலம் பணியாற்றிய காலத்தைவிட இருமடங்காகும் நிலையில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் உள்ள நம் படைக்குக் கட்டுப்படியாகாது.

எஞ்சுவது நான்காவது வழி: 60 உச்ச வரம்பாக இருக்கட்டும், 25 ஆண்டு பணி முடித்த காவலர் எவரும், பணிக்காலத்துக்கு ஏற்பக் கணக்கிட்ட உறுதி ஓய்வூதியத்தை, விலகிய மறுமாதத்திலிருந்தே பெறும் உரிமையோடு போகலாம் என்ற விதி வேண்டும். விகிதக் கணக்கு முக்கியம். இருபதாம் ஆண்டிலோ முப்பதாம் ஆண்டிலோ திடீரென்று முழுமையடையும் ஓய்வூதியம் பள்ளத்தை உண்டாக்கும். ஒவ்வோர் ஆண்டும் சிறிது சிறிதாக ஏறும் ஓய்வூதியத்தில், ஒருவர் 26 இலும் இன்னொருவர் 31 இலும் மற்றொருவர் 60 வயது வரையிலும் என்று வெளியேற்றம் பரவும். ஆண்டுதோறும் சீராகக் காலியிடம் உருவாகும். தேர்வு வாரியம் ஒரே ஆண்டில் பத்தாயிரம் பேர், அடுத்து இரண்டாண்டு வறட்சி என்ற நிலையிலிருந்து மீளும். பயிற்சிப் பள்ளிகளின் கொள்ளளவும் ஒரே சீராகப் பயன்படும்.

இதற்குச் செலவு உண்டு, மறைக்கத் தேவையில்லை. 48 வயதில் போகிறவருக்கு அரசு பன்னிரண்டு ஆண்டு கூடுதலாக ஓய்வூதியம் தர வேண்டும். அதே இடத்தில் சேரும் இரண்டாம் நிலைக் காவலரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 18,200 ரூபாய். கால் நூற்றாண்டு ஊதிய உயர்வுகளைச் சேர்த்த சிறப்பு உதவி ஆய்வாளரின் சம்பளம் அதைப் போலப் பல மடங்கு. இடைவெளியில் மிச்சமாகும் தொகை ஓய்வூதியச் செலவை முழுவதும் ஈடுகட்டாவிட்டாலும் பெரும்பகுதியை ஈடுகட்டும் என்பது என் கணிப்பு. ஓய்வூதியக் கணக்கியல் அறிந்தவர்களைக் கொண்டு காவல் துறைக்கென்று தனியாகக் கணக்கிட்டுப் பார்த்த பிறகே விகிதத்தை முடிவு செய்ய வேண்டும். எல்லா அரசு ஊழியருக்கும் ஒரே விதி என்ற மரபிலிருந்து சீருடைப் பணியை விலக்குவதற்கு மற்ற சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். காவலருக்குச் சங்கம் அமைக்கும் உரிமையையே 1966 ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தியிருக்கிறது. வேலைநிறுத்தம் என்ற ஆயுதம் அவரிடம் இல்லை. மற்றவருக்கு உள்ள உரிமை இல்லாதவருக்கு மற்றவருக்கு இல்லாத ஒரு விதியை வகுப்பது சலுகையாகாது.

போக விரும்பாமல் 60 வரை இருப்பவருக்கும் ஒன்று செய்ய வேண்டும். 52 அல்லது 53 வயதுக்குப் பிறகு இரவு பாராவிலிருந்தும் நீண்ட பந்தோபஸ்திலிருந்தும் விடுவித்து, நீதிமன்றப் பணி, வரவேற்பு மேசை, ஆவணக் காப்பு, கடவுச்சீட்டு விசாரணை, பயிற்சிப் பள்ளி ஆகியவற்றுக்கு அவர்களை விதிப்படி ஒதுக்கலாம். இப்போது இந்த இடங்கள் அதிகாரியின் நல்லெண்ணத்தைப் பொறுத்தே கிடைக்கின்றன. அனுபவத்தைக் காப்பாற்றுவதுதான் நோக்கம் என்றால், அனுபவம் பயன்படும் நாற்காலியில் அந்த மூத்தவரை உட்கார வைப்பது அதற்கான நேரடி வழி.

குடியிருப்பைப் பற்றியும் ஒரு சொல். நான் வளர்ந்த காவலர் குடியிருப்பில் ஒவ்வோர் ஆண்டும் மே 31 க்குப் பிறகு சில வீட்டு வாசல்களில் சாமான் ஏற்றும் வண்டி நிற்கும். பள்ளியில் சேர்க்கும்போது மே, ஜூன் மாதப் பிறந்தநாளாகப் பதிந்துவிட்ட தலைமுறை அது. ஓய்வுகளும் அந்த மாதத்திலேயே குவியும். வேலையோடு வீடும் போய்விடும் என்பதால், உடல் தளர்ந்த பின்னும் விருப்ப ஓய்வைப் பற்றி யோசிக்காதவர்கள் அங்கே பலர். விருப்ப ஓய்வு பெறுபவருக்குப் பிள்ளையின் கல்வியாண்டு முடியும்வரை குடியிருப்பில் தங்க இடம் தரும் ஒரு சிறிய விதி, ஓய்வூதிய விகிதத்தில் இரண்டு புள்ளி கூட்டுவதைவிட அதிகமாக ஒருவரின் முடிவை மாற்றக்கூடும்.

இத்தனைக்கும் பிறகு, நிதிநிலை நெருக்கி, வயதை மீண்டும் உயர்த்தியே ஆக வேண்டிய ஒரு நாள் வரலாம். அப்படி வந்தால் மூன்று வார முன்னறிவிப்பில் ஓராண்டைத் தூக்கி வைக்கக் கூடாது. ஆண்டுக்கு மூன்று மாதம் என்று எட்டு ஆண்டுகளில் இரண்டாண்டை ஏற்றினால், நாம் முன்பு பார்த்த கணக்கின்படி ஆண்டுக்கு 100 பேர் வெளியேறும் படையில் அந்தக் காலம் முழுவதும் 75 பேர் வெளியேறிக்கொண்டே இருப்பார்கள். 75 பேர் சேர்ந்துகொண்டே இருப்பார்கள். அந்த அட்டவணையை முன்கூட்டியே அரசிதழில் வெளியிட்டுவிட்டால், 55 வயதுக் காவலர் தன் மகளின் திருமணத்தை எந்த ஆண்டில் வைப்பது என்று முடிவு செய்யலாம். 23 வயது இளைஞன் இன்னும் ஒரு தேர்வுக்குக் காத்திருப்பதா, வேறு வேலைக்குப் போவதா என்று முடிவு செய்யலாம்.